தெய்வத்திரு அக்னஸ்

ஆயர் ஈத்தாம்
17 ஏப்ரல் 2024

இயேசுவுக்குப் புகழ்.

மாப்பிள்ளை தங்கராஜுவுக்கு ஆரோக்கியநாதன் எழுதுவது. இங்கே நானும் வீட்டிலும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருமுன் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? டயர் கடையில் உட்கார்ந்துகொண்டு இனிப்பாகத் தே தாரிக் டீ குடித்தால் அது எப்படிக் குறையும்?

ஃபோனில் பேச ஆரம்பித்தால் நாம் இருவரும் கத்துகிறோம், பிறகு யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். "இனிமே ரெண்டு பேரும் எழுதிக்குங்க லா மாமா. எழுதினா கத்த முடியாது" என்று உங்கள் மகள் துளசி சொல்லிவிட்டுப் போனாள். கத்த முடியாது என்று அவளுக்கு யார் சொன்னது? பார்க்கலாம்.

துளசி கொடுத்த கல்யாண அட்டை மாதிரியைப் படித்தேன். மாப்பிள்ளை தனேஷ் வீட்டார் பக்கம் ஒரு பிழையும் இல்லை. நம் பக்கத்தில் 'தங்கராஜு – தெய்வத்திரு மீனாட்சி தம்பதியரின் செல்வப் புதல்வி' என்று இருக்கிறது. துறைமுக ஆபீசில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே வயதானவன் நான். சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்துவிட்டது.

முதலாவது, மீனாட்சி யார்? என் தங்கையின் பெயர் அக்னஸ். இரண்டாவது, இந்தத் 'தெய்வத்திரு.' இறந்தவர் யாராக இருந்தாலும் பெயருக்கு முன்னால் அதை ஒட்டித் தெய்வமாக்கிவிடுவது அச்சகத்துக்காரர்களுக்குச் சுலபம். எங்களால் அது முடியாது. அவள் ஞானஸ்நானம் பெற்றவள். இங்கே தீவில், எங்கள் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், சிலுவைக்குக் கீழே இளைப்பாறுகிறாள். 'காலஞ்சென்ற அக்னஸ்' என்று போடுங்கள். அவ்வளவுதான் என் திருத்தம்.

துளசிக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
ஆரோக்கியநாதன்


நிபோங் திபால்
27 ஏப்ரல் 2024

முருகன் துணை.

மச்சானுக்கு வணக்கம். உங்கள் முழங்காலுக்கு அக்கா வடிவம்மாள் ஒரு எண்ணெய் காய்ச்சித் தருவதாகச் சொல்கிறாள். வாசனை பொறுக்க முடியாது, ஆனால் கேட்கும். என் சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. தே தாரிக்கை விடச் சொன்னால் கடையையே விட்டுவிடுவேன்.

தெய்வத்திரு என்பது அச்சகத்துக்காரன் போட்டதல்ல. நான் சொல்லிப் போட்டது. உங்கள் தங்கை எங்கள் வீட்டில் பூவும் பொட்டுமாக வாழ்ந்து, நான் இருக்கும்போதே போனவள். அப்படிப் போகிற பெண்ணை எங்கள் வீட்டில் பூவாடைக்காரி என்போம். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். ஆற்றங்கரையில் பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கூட்டத்தில் யார் மேலாவது அருளாக வந்து அவள் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு நீர்க்குடத்தில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, புதுச்சேலை வைத்துப் படைப்போம். அன்றிலிருந்து அவள் எங்களுக்குத் தெய்வம். அதைத்தான் அட்டையில் எழுதியிருக்கிறேன்.

அந்தப் படையலுக்குப் பிறந்த வீட்டுச் சேலை ஒன்று வர வேண்டும். அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துளசி அம்மாவைத் தீவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டும் என்று நீங்கள் நின்றபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் குதித்தார்கள். நான்தான் தலையாட்டினேன். இப்போது தலையாட்டுவது உங்கள் முறை.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கராஜு


ஆயர் ஈத்தாம்
6 மே 2024

இயேசுவுக்குப் புகழ்.

மாப்பிள்ளைக்கு, இங்கே சுகம். எண்ணெய்க்கு நன்றி. வாசனையைப் பற்றி நீங்கள் சொன்னது கொஞ்சம் குறைச்சல்தான். வீட்டில் என்னைத் தாழ்வாரத்தில் படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அடக்கத்தின்போது நீங்கள் தலையாட்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் கேட்டது ஆறடி மண். நீங்கள் இப்போது என் தங்கையைக் கடவுளாக்க என்னிடம் சேலை கேட்கிறீர்கள். நான் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவன். 'உம்மைத் தவிர வேறு தெய்வம் இல்லை' என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தங்கைக்குப் பம்பை அடிக்க வர முடியுமா?

உடனே நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு நீங்களும்தானே போய் மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள், அந்த அம்மாளும் ஒரு காலத்தில் மனுஷிதானே என்பீர்கள். ஆமாம், மனுஷிதான். அதனால்தான் நாங்கள் அவரைக் கடவுள் என்பதில்லை. புனிதர் என்கிறோம். நமக்காகப் பரிந்து பேசுகிறவர். வார்த்தை வேறு, இடம் வேறு.

தெய்வம் கிடக்கட்டும். பெயர்தான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. அவள் உங்கள் வீட்டுக்குள் வந்த அன்றே உங்கள் அக்கா அவளை மீனாட்சி ஆக்கினார். சரி, வாழப்போன இடம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் அவளைக் கூப்பிட்டது நேசு என்று. அக்னேசு என்று முழுதாகச் சொல்ல வராத வயதில் நான் வைத்த பெயர் அது. உங்கள் வாசலுக்கு இந்தப் பக்கமே அது நின்றுவிட்டது. பெயரையும் எடுத்துக்கொண்டீர்கள். இப்போது செத்தவளையும் விடாமல், நீங்கள் வைத்த பெயரில் சாமியாக்கப் போகிறீர்களா?

கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வருவேன், மாலையும் மோதிரமும் கொண்டுவருவேன். ஆற்றங்கரைக்கு வரமாட்டேன். சேலையும் வராது.

ஆரோக்கியநாதன்


நிபோங் திபால்
2 ஜூன் 2024

முருகன் துணை.

மச்சானுக்கு, எல்லாரும் நலம். இங்கே ஓயாத மழை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லாரிகள் சேற்றில் சிக்கிச் சிக்கி டயர்கள் நாசமாகின்றன. எனக்குக் கை ஒழியவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

நீங்கள் சொல்கிற பரிந்து பேசுகிற வேலையைத்தான் எங்கள் பூவாடைக்காரியும் செய்கிறாள். எங்கள் பாட்டன் வழியில் வந்த ஒரு பூவாடைக்காரிக்கு வெற்றிலைதான் உயிராம். இன்றைக்கும் படையலில் வெற்றிலை குறைந்தால் அக்கா பதறிப்போவாள். தெய்வமாவது என்றால் உங்கள் புத்தகத்தில் மேலே போவது போலிருக்கிறது. எங்களுக்கு அது வீட்டுக்குத் திரும்பி வருவது. போனவள் போனவளாகவே இருந்துவிடாமல் பிள்ளை கல்யாணத்துக்கு வந்து நிற்பது. அதற்குத்தான் தெய்வம் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். உங்களிடம் வேறு நல்ல வார்த்தை இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 30, ஞாயிறு, கிரியான் ஆற்றங்கரை. உங்கள் தங்கைக்காக வாருங்கள்.

தங்கராஜு


ஆயர் ஈத்தாம்
8 ஜூன் 2024

இயேசுவுக்குப் புகழ்.

மாப்பிள்ளைக்கு, நலம், நலமறிய ஆவல்.

வார்த்தையைப் பற்றி அழகாக எழுதிவிட்டீர்கள். பெயரைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு ஒரு வரி கூட இல்லை. இதுவரை வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் தங்கை', 'துளசி அம்மா', 'அவள்' என்றுதான் இருக்கிறது. நீங்கள் வைத்த மீனாட்சி கூட இல்லை. கட்டினவளின் பெயர் மறந்துவிட்டதா?

வரமாட்டேன்.

ஆரோக்கியநாதன்


பாயான் லெப்பாஸ்
3 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்குத் துளசி எழுதுகிறேன். மாமி சுகமா? உங்கள் முழங்கால் எப்படி? உங்களை எழுதச் சொல்லிவிட்டு நான் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நியாயமில்லை என்பதால், தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து மேசையில் கூட வேலை செய்கிற இக்மல் "யாருக்கு இந்தக் காலத்தில் கடிதம்?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போனோம். அப்பா உங்களிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அம்மா வரவில்லை.

காலையிலிருந்து பம்பை அடித்தார்கள். பம்பைக்காரர் அப்பாவிடம், "நீங்கதான் மொதல்ல பேரச் சொல்லிக் கூப்பிடணும் அண்ணே" என்றார். அப்பா தண்ணீர் ஓரம் போனார். வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. அப்படியே திரும்பி நடந்து, காடிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். பிறகு அத்தைதான் "மீனாட்சி, வாடி!" என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். யார் மேலும் அருள் வரவில்லை. வெயில் ஏறி, பூ வாடி, குடத்தைக் காலியாகவே கொண்டுவந்தோம்.

இப்போது அத்தை, பெற்றவள் சம்மதம் இல்லாமல் தாலி ஏறக்கூடாது, கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்கிறார். தனேஷை அக்டோபரில் கம்பெனி தைவானுக்கு அனுப்புகிறது. செப்டம்பர் 8 போனால் எப்போது என்று எனக்குத் தெரியாது. தனேஷின் அம்மா நல்லவர்தான், ஆனால் அவரும் "என்னம்மா, பெண் வீட்டிலே ஏதும் குறையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்பா கடையிலேயே கிடக்கிறார். ஆடி மாதம் அத்தை இன்னொரு முறை கூப்பிடப் போகிறார். அதிலும் வராவிட்டால் அவ்வளவுதான்.

மாமா, எனக்கு அம்மா சாமியாக வேண்டாம். உங்கள் காரணம் வேறு, என் காரணம் வேறு. அம்மா தன் உடம்பு கெட்டதை எங்களிடம் மறைத்துவிட்டார். தெரிந்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்காக அவரோடு நான் இன்னும் சண்டை போடவில்லை. சாமியோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலிக்குடத்தோடு திரும்பியபோது எனக்கு அழுகை தாங்கவில்லை. அம்மா வந்திருக்கலாம் லா.

உங்கள் மருமகள்,
துளசி


ஆயர் ஈத்தாம்
11 ஜூலை 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் துளசிக்கு மாமாவின் ஆசீர்வாதம். மாமி சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை மாமி படித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. குற்றம் சொல்ல முடியாது.

அன்னாள் திருவிழாவுக்கு உன்னை நான் கூட்டிப்போகிறேன். உன் அம்மா ஏற்றிவந்த இடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவோம். சண்டை போட வேண்டுமானால் அங்கேயே போட்டுக்கொள். புனிதர்களோடு சண்டை போடலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. நான் போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஆற்றங்கரையில் உன் அப்பா வாயைத் திறந்தார் என்றாயே, என்ன சொல்ல வந்தார் என்று தெரியுமா? நீ அவரிடம் கேட்க வேண்டாம். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மாமா


நிபோங் திபால்
30 ஜூலை 2024

முருகன் துணை.

மச்சானுக்கு, நலம். துளசியைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனதற்கு நன்றி. திரும்பி வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அச்சகத்தில் சொல்லிவிட்டேன். தெய்வத்திருவை எடுத்துவிட்டு 'காலஞ்சென்ற' என்றே போடுவார்கள். அக்காவுக்கு இன்னும் தெரியாது. தெரியும்போது தெரியட்டும். இனி அந்த வார்த்தைக்காக நாம் முட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் கல்யாணத்துக்கு வந்து பிள்ளைக்கு மாலை போட்டால் போதும்.

பதினொன்றாம் தேதி அக்கா மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போகிறாள். நானும் போவேன். உங்களை அழைக்கவில்லை. தகவலுக்காக எழுதினேன்.

தங்கராஜு


ஆயர் ஈத்தாம்
5 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்குப் புகழ்.

மாப்பிள்ளைக்கு, இங்கே சுகம். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அச்சகத்தை நிறுத்துங்கள்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். என் விசுவாசம் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று உங்கள் கடிதங்களையெல்லாம் சிவப்புப் பேனாவோடு மறுபடி படித்தேன். நீங்கள் 'தெய்வம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'தங்கை' என்று போட்டுப் பார்த்தேன். பிள்ளை கல்யாணத்துக்குத் தங்கையை முதலில் அழைப்போம். தங்கைக்குப் புதுச்சேலை வைப்போம். தங்கை திரும்பி வருவாள். ஒரு வாக்கியம் கூடக் கெடவில்லை. இத்தனை வருடம் திருத்தியவன் சொல்கிறேன், ஒரு வார்த்தையை மாற்றியும் வாக்கியம் கெடவில்லை என்றால் அதற்காகச் சண்டை போடுவது வீண்.

பதினொன்றாம் தேதி வருகிறேன். அழைக்காவிட்டாலும் வருகிறேன், நான் அவள் பிறந்த வீடு. சும்மா ஓரமாக நிற்பேன். திருநீறு பூச மாட்டேன். சேலையும் கொண்டுவர மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பங்குக் குருவிடமும் சொல்லிவிட்டேன். "எங்கே போகிறீர்கள்?" என்றார். தங்கையைப் பார்க்க என்றேன். சிரித்தார்.

ஆரோக்கியநாதன்


நிபோங் திபால்
14 ஆகஸ்ட் 2024

முருகன் துணை.

மச்சானுக்கு வணக்கம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மணலில் ஓடினீர்களாமே, கால் எப்படி இருக்கிறது? துளசியின் மாமிக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

எனக்கு ஒரு உதவி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தண்ணீர் ஓரம் வந்து நின்றது வரை எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அக்கா என் முகத்தில் தண்ணீர் தெளித்ததுதான் தெரியும். நடுவில் ஒன்றும் இல்லை. அக்காவைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். துளசியைக் கேட்டால் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், பிறகு சிரிக்கிறாள். பம்பைக்காரர் கூலி வேண்டாம் என்று போய்விட்டாராம். கடையில் வேலை செய்கிற கோகிலன் என்னை "முதலாளி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது கிட்டே வரவே யோசிக்கிறான்.

நான் என்ன சொன்னேன்? நீங்கள் இதையெல்லாம் நம்பாதவர். அதனால் உங்களிடம் கேட்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவீர்கள்.

தங்கராஜு


ஆயர் ஈத்தாம்
18 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்குப் புகழ்.

மாப்பிள்ளைக்கு, கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். உங்கள் அக்காவின் எண்ணெயை நானே கேட்டு வாங்கித் தடவுகிறேன். நிலைமை அப்படி.

கேட்டீர்கள், எழுதுகிறேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் காடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் அக்கா மீனாட்சி மீனாட்சி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். பம்பைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் குடத்துக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றீர்கள். துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கை தானாகப் பிரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம் வந்தேன். சாமி கும்பிடவில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டேன். "நேசு, ஒம் மக நிக்கிறா பாரு. வா" என்றேன்.

உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு நீங்கள் நிமிர்ந்தீர்கள். உங்கள் அக்கா எழுந்து ஓடிவந்து, "யாரு வந்திருக்கே? சொல்லு தாயே" என்று கேட்டார். நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, வெறுங்கையோடவா வந்தே?" என்று கேட்டீர்கள்.

மாப்பிள்ளை, நீங்கள் ஒருநாளும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. குரல் உங்கள் குரல்தான், அதை மாற்றி எழுதமாட்டேன். ஆனால் கேட்ட விதம் அவளுடையது. கிறிஸ்துமஸுக்குக் கேக் மறந்துவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி அப்படித்தான் கேட்பாள்.

நான் வெறுங்கையோடு வரவில்லை. அன்னாள் திருவிழா முடிந்த வாரமே தீவில் லிட்டில் இந்தியாவுக்குப் போய், பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கி, காடியின் பின்பக்க பூட்டில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தேன். கொண்டுவர மாட்டேன் என்று உங்களுக்கு எழுதியதும் அதற்குப் பிறகுதான். வீம்பு. அவள் கேட்டதும் ஓடினேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு மணலில் நான் ஓடியதை நீங்கள் பார்க்காமல் போனது உங்கள் துரதிர்ஷ்டம்.

சேலையைக் கையில் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்கள். அப்போது துளசி பாய்ந்து வந்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா சொல்லல? ஏன் எங்ககிட்ட மறைச்சே?" என்று ஒரே கத்தல். பம்பை நின்றுவிட்டது. சாமியின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற பெண்ணை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் அக்கா தடுக்க வந்தார். நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன்.

நீங்கள் அவள் முடியை ஒதுக்கிவிட்டு, "நீ பரீட்ச எழுதிக்கிட்டு இருந்தேல்ல" என்றீர்கள். பிறகு, "அந்தப் பையன் நல்லவன். கட்டிக்க" என்றீர்கள். சேலையை அவள் தோளில் போட்டீர்கள். அவ்வளவுதான். கீழே சாய்ந்தீர்கள், நானும் தனேஷும் தாங்கினோம்.

அது நேசுதானா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் உங்களைக் கேட்கப் போவதில்லை. பரீட்சை விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதையும் யோசித்துப் பார்த்தேன். யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். என் மருமகள் போடவேண்டிய சண்டையைப் போட்டுவிட்டாள். இனி அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்.

அட்டையில் 'தெய்வத்திரு' என்றே போடுங்கள். நான் திருத்தமாட்டேன். பெயரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியநாதன்


நிபோங் திபால்
23 ஆகஸ்ட் 2024

முருகன் துணை.

மச்சானுக்கு வணக்கம். அக்கா இன்னொரு புட்டி எண்ணெய் கொடுத்திருக்கிறாள். தனேஷ் நேரில் கொண்டுவந்து தருவான். மாமிக்கு என் மன்னிப்பைச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் ஷட்டரை இறக்கிவிட்டு மீதியைப் படித்தேன்.

எனக்கு இப்போதும் ஒன்றும் நினைவில்லை. ஆனால் நீங்கள் மே மாதம் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

நேசு என்கிற பெயர் எங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளே சொல்லிக்கொடுத்தாள். "எங்க அண்ணே இப்படித்தான் கூப்பிடும். நீங்களும் கூப்பிடுங்க" என்றாள். அக்கா பெரியவளாக இருந்து வீட்டை நடத்துகிறாள். அவள் வைத்த பெயர் மீனாட்சி. அவள் முன்னால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அந்த மீனாட்சியைச் சொல்லவும் மனசு வராது. அதனால் கதவைத் திறந்தால் துளசி அம்மா, கதவைச் சாத்தினால் நேசு. கடைசிவரை அப்படித்தான். ஆஸ்பத்திரியில் திரையை இழுத்துவிட்டு அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஆற்றங்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றபோது எனக்கு நேசு என்றுதான் வந்தது. அக்கா நின்றாள், பம்பைக்காரர்கள் நின்றார்கள், பிள்ளை நின்றாள். இத்தனை வருடம் சாத்தின கதவுக்குள் இருந்த பெயரை வெட்டவெளியில் எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். அவளும் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரை முதல்முறை பார்த்தபோது, என்னைத் தவிர அதைச் சொல்ல உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று இருந்தது. அதை எழுத எனக்கு வெட்கம். நீங்கள் தண்ணீர் ஓரம் நின்று அதைச் சத்தமாகச் சொன்னீர்கள். நல்லா இருங்கள் மச்சான்.

அட்டை அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். 'தங்கராஜு – தெய்வத்திரு அக்னஸ் தம்பதியரின் செல்வப் புதல்வி.' தாய்மாமன் என்று உங்கள் பெயரும் இருக்கிறது. பிழை இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள், ஐந்நூறு அட்டை அடித்தாகிவிட்டது.

நேற்று அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தாள். "ஏண்டா தம்பி, இதுல மீனாட்சியக் காணோமே. அக்னஸ்னு போட்டிருக்கே, அது யாரு?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"எம் பொண்டாட்டிக்கா" என்றேன். "வீட்டுல நான் நேசுன்னு கூப்பிடுவேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு அட்டையைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில், பச்சைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

எட்டாம் தேதி காலையிலேயே வந்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
நேசுவின் தங்கராஜு